லோஹகட்: மழையில் முதல் மலையேற்றம்

லோஹகட், மகாராஷ்டிரத்தின் புணே மாவட்டத்தில், லோணாவளாவுக்குத் தென்கிழக்கே சஹ்யாத்ரி மலைத்தொடரில் நிற்கும் கோட்டை. கடல் மட்டத்திலிருந்து 1,033 மீட்டர் உயரம். ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் மும்பையிலும் புணேயிலும் படிக்கிற, வேலை பார்க்கிற இளைஞர்கள் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மலைகளுக்குக் கிளம்புவது அந்தப் பகுதியின் வழக்கம். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது அதற்கு முன் மலையே ஏறியிராதவராக இருப்பார். அவர் சென்னையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வேலைக்கு வந்தவராகவும் இருக்கலாம். அவரை நண்பர்கள் முதலில் அழைத்துச் செல்லும் மலைகளில் லோஹகட் முன்னால் நிற்கிறது.

அதற்குக் காரணங்கள் உண்டு. ரயிலை விட்டு இறங்கிய இடத்திலிருந்தே நடக்கத் தொடங்கலாம். வழியில் ஊர்கள் இருக்கின்றன. கோட்டையின் அடிவாரத்திலிருந்து மேல்வரை கற்படிகள் போகின்றன; கயிறு பிடித்தோ பாறையில் தொற்றியோ ஏறவேண்டிய இடம் இல்லை. அப்படியிருந்தும் சஹ்யாத்ரியின் மழைக்காலம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் இந்த ஒரு மலையில் பார்த்துவிடலாம்: நடவு வயல், காடு, கணவாய், செங்குத்துப் பாறை, மேகம் மூடிய உச்சி, இருபுறமும் பள்ளம் விழும் ஒடுங்கிய முகடு.

மழைக்கால மலையேற்றத்தில் புதியவர் முதலில் பழகவேண்டியது நீரின் போக்கை அறிவது. நீர் எங்கே வழிகிறது, எங்கே தேங்குகிறது, எது காலையில் வற்றிக்கிடந்து மாலையில் ஓடுகிறது என்பதைக் கவனிக்கிறவர் பத்திரமாக நடக்கிறார். லோஹகட்டின் குகைகள், தொட்டிகள், வயல்கள், கோட்டை எல்லாமே இந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தவை. அந்த மலை முதல் பாடத்துக்குப் பொருத்தமானதாக இருப்பதற்கு, ஏற எளிது என்பதைவிட இதுவே பெரிய காரணம்.

மேகம் வரும் வழி

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொட்டு, ஜூன் இரண்டாம் வாரத்தில் மும்பை, புணே பகுதிக்கு வந்து சேர்கிறது. குற்றாலத்தில் சாரல் வீசுவதும், குடகில் பெய்து ஆடிப்பெருக்குக்குக் காவிரியை நிறைப்பதும் இதே பருவக்காற்றுதான். அரபிக்கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று கொங்கணக் கரையைக் கடந்ததும் சஹ்யாத்ரியின் மேற்குச் சரிவில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிய பிறகு அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் முகட்டின் மேலிருக்கும் லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து ரயில் பாதையில் 64 கிலோமீட்டர் கிழக்கே உள்ள புணேயில் பெய்வது 700 மில்லிமீட்டரை ஒட்டிய அளவுதான். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதைப்போல் மூன்று மடங்குக்கு நெருக்கமான மழையை லோணாவளா பெரும்பாலும் நான்கே மாதங்களில் வாங்கிக்கொள்கிறது. புணேயில் வெயிலைப் பார்த்துக் கிளம்பிய குழு ஒரு மணி நேரத்தில் கொட்டும் மழையில் போய் இறங்குவது இதனால்தான்.

நான்கு மாதமும் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. ஜூன் தொடக்கத்தில் மாலை வேளைகளில் இடியும் மின்னலும் அதிகம்; திறந்த முகட்டில் நிற்பதற்கு அது ஆகாத காலம். ஜூலையில் அடைமழை, பலத்த காற்று, கீழே எதுவும் தெரியாத மேகம். ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை மழைக்கு நடுவே இடைவெளி கிடைக்கிறது. புல்வெளிகளில் பூக்கள் வரத் தொடங்குகின்றன. முதல் பயணத்துக்கு இந்தக் கடைசிப் பகுதியே நல்லது. எந்த மாதமானாலும் முந்தின நாள் மாலை இந்திய வானிலைத் துறையின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பு எச்சரிக்கை என்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஆரஞ்சு என்றால் புதியவரை அழைத்துச் செல்லக் கூடாது. கனமழை நாட்களில் மாவட்ட நிர்வாகம் கோட்டைகளையும் அருவிகளையும் மூடுவதும் உண்டு. அந்த ஆணையை மீறி மாற்றுவழி தேடுவது நண்பர்களுக்குச் செய்யும் நன்மையாகாது.

படிப்படியான பாறை

சஹ்யாத்ரியின் இந்தப் பகுதி எரிமலைக் குழம்பால் ஆனது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பூமி பிளந்து வழிந்த குழம்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக உறைந்தது. கெட்டியான பசால்ட் அடுக்குகள் செங்குத்துச் சுவர்களாக நிற்கின்றன. இடையில் உள்ள மெத்தென்ற அடுக்குகள் அரிக்கப்பட்டுச் சரிவுகளாகவும் மேடைகளாகவும் ஆகிவிட்டன. மலை தூரத்திலிருந்து பார்க்கப் படிக்கட்டாகத் தெரிவதும், அருவிகள் ஒரே வீழ்ச்சியாக விழாமல் தாவித் தாவி இறங்குவதும் இந்த அமைப்பால்தான். நடப்பவரின் கால்களுக்கும் இது தெரியும். கொஞ்ச தூரம் சமமாகப் போகும் பாதை திடீரென்று நிமிர்கிறது. ஏறி முடித்தால் மறுபடியும் ஒரு மேடை.

பசால்ட் கெட்டியானது, நீரை எளிதில் உறிஞ்சாதது. அதில் வெட்டிய தொட்டி நூற்றாண்டுகளுக்கு நீரைத் தாங்கும். அதே குணத்தால் மழை பெய்தவுடன் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடுகிறது. வறண்டு கிடந்த ஓடைகள் நிமிடங்களில் பெருகுகின்றன. நிழலான பாறைகளில் சில வாரங்களில் பாசி படிந்துவிடுகிறது. புதியவர் விழுவது பெரும்பாலும் செங்குத்தான இடத்தில் அல்ல, இந்தப் பாசி படிந்த சாதாரணப் பாறையில்தான்.

கிளம்புமுன்

உடையில் முதலில் விடவேண்டியது ஜீன்ஸ். நனைந்தால் கனக்கும், காலை மடக்க விடாது, நாள் முழுவதும் காயாது. சீக்கிரம் காயும் மெல்லிய விளையாட்டு உடையே போதும். முகட்டில் வீசும் காற்றில் குடை மடங்கிவிடும் என்பதால் மழைக்கோட்டோ போன்சோவோ வேண்டும். மழைக்கோட்டுக்குள்ளும் வியர்வையால் உடல் நனையும். ஆகவே முழுக்க நனையாமல் போய்வருவது நடக்காத காரியம். ஓயாமல் நடக்கும்வரை நனைந்த உடல் குளிர்வதில்லை. நின்றால்தான் நடுக்கம் வருகிறது. இதற்காக ஒரு மாற்று உடையும் துண்டும் பைக்குள் நனையாமல் இருக்கவேண்டும். பைக்கு மேலே உறை போடுவதைவிட, உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயைச் சுருட்டிக் கட்டுவது நம்பகமானது.

காலணிதான் மிக முக்கியம். அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள, கணுக்காலை இறுக்கமாகப் பிடிக்கும் காலணி வேண்டும். தேய்ந்த ஓட்டக் காலணியும் செருப்பும் ஈரப் பசால்ட்டில் நிற்காது. புதிதாக வாங்கியதை ஒரு வாரமாவது ஊருக்குள் போட்டு நடந்து பழக்கிய பிறகே மலைக்குக் கொண்டுவர வேண்டும்.

மழை நாளில் தாகம் தெரியாது. ஆனாலும் உடல் நீரை இழக்கிறது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கடலை மிட்டாய், பேரீச்சை, ஒரு டார்ச், ஒரு விசில், கட்டுத் துணி, கிருமிநாசினி மருந்து இருந்தால் ஒரு நாள் நடைக்குப் போதும். கைபேசியில் வழித்தடத்தை முன்பே சேமித்துக்கொள்ள வேண்டும். மலை மடிப்புகளில் சமிக்ஞை கிடைக்காது. வீட்டில் ஒருவருக்கு எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைச் சொல்லிவைப்பதும் தயாரிப்பில் சேர்ந்ததுதான்.

குழு ஐந்தாறு பேராக இருப்பது நல்லது. வழி தெரிந்தவர் முன்னால் போவார். அனுபவமுள்ள இன்னொருவர் கடைசியில் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. மற்றவர்கள் இருவருக்கும் இடையே நடப்பார்கள். குழுவின் வேகம் மெதுவாக நடப்பவரின் வேகம்தான். முன்னால் போனவர்கள் காத்திருந்து, பின்தங்கியவர் வந்து சேர்ந்தவுடன் கிளம்பிவிட்டால், ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வு கிடைக்காமல் போகும். அவர் மூச்சு வாங்கித் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் குழு நகரவேண்டும். முதல்முறை வருகிறவர் மலையை நேசிப்பதும் வெறுப்பதும் பெரும்பாலும் நண்பர்களின் இந்த ஒரு பண்பைப் பொறுத்தது.

மளவ்லியிலிருந்து பாஜே

புணேயிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் ரயிலில், லோணாவளாவுக்கு முந்தைய நிலையம் மளவ்லி. மும்பையிலிருந்து வருகிறவர்கள் போர் காட் வழியாக லோணாவளா வந்து அங்கே உள்ளூர் ரயில் மாறுகிறார்கள். 1863-இல் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதையில் 37 அடிக்கு ஓர் அடி என ஏற்றம் இருப்பதால், மேலேறும் ரயில்களுக்குப் பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில்கள் பல இதே பாதையில்தான் இறங்குகின்றன.

காலை 7 மணிக்குள் மளவ்லியில் இறங்கிவிடுவது நல்லது. நிலையத்தை விட்டு வெளியேறி, மும்பை-புணே விரைவுச்சாலையைப் பாலத்தின் மேல் கடந்தால் வயல்வெளி விரிகிறது. இது மாவள் வட்டாரம். ஜூலையில் இங்கே நெல் நடவு நடக்கும். இப்பகுதி இந்திராயணி என்னும் மணமுள்ள அரிசி ரகத்துக்குப் பேர்போனது. மழையில் குனிந்து நடுகிற பெண்கள், தஞ்சை வயலில் கொங்காணி போட்டுக்கொள்வதைப்போலவே தலையிலிருந்து முதுகுவரை இலையாலோ பிளாஸ்டிக் தாளாலோ ஆன மறைப்பை அணிந்திருப்பார்கள். வரப்புகள் மண்ணால் ஆனவை. கூட்டமாக மிதித்தால் உடைந்து, தேக்கிய நீர் போய்விடும். ஊர்ப் பாதை இருக்கும்போது வரப்பில் குறுக்கே போவதில்லை என்பது இங்கே நடப்பவர் காக்கவேண்டிய முதல் ஒழுங்கு.

பாஜே ஊருக்கு மேலே, மலைமுகத்தில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கிய 22 பௌத்தக் குடைவரைகள் இருக்கின்றன. நடுவிலுள்ள வழிபாட்டுக் கூடத்தின் தூண்கள் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மரக் கட்டடங்களில் கூரையின் பாரத்தைத் தாங்கக் கம்பங்களைச் சாய்த்து நடுவார்கள். கல்லில் அந்தத் தேவை இல்லாவிட்டாலும் சிற்பிகள் தாங்கள் அறிந்த வடிவத்தையே செதுக்கினார்கள். வளைந்த கூரையில் பொருத்திய பழங்கால மர விலாக்கள் இன்றும் இருக்கின்றன. பக்கத்தில் வரிசையாகச் சிறு ஸ்தூபிகள், துறவிகள் தங்கிய அறைகள், அவற்றில் கல் படுக்கைகள்.

புத்தரின் துறவிகள் ஆண்டு முழுவதும் ஊர் ஊராக நடப்பவர்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது அவர்களுக்கு விதி. வழிகள் சேறாகி, ஆறுகள் பெருகி, பயிரும் சிற்றுயிர்களும் காலடியில் நசுங்கும் காலம் அது. அந்தத் தங்கலுக்கு இடம் தரத்தான் இத்தகைய குகைகள் முதலில் தேவைப்பட்டன. கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து தக்காணத்துக்குச் சென்ற வணிகப் பாதைகளை ஒட்டி பாஜே, கார்லா, பேட்சே ஆகிய மூன்று குடைவரைத் தொகுதிகளும் அருகருகே அமைந்தன. மழைக்காலத்தில் பாஜேயைப் பார்ப்பவருக்கு இந்த வரலாறு கண்முன் தெரிகிறது. வெளியே நீர்த்திரை விழுகிறது; உள்ளே தரை உலர்ந்திருக்கிறது.

கணவாய் வரை

பாஜேயிலிருந்து பாதை விசாப்பூர் மலையின் சரிவை ஒட்டி மேலேறுகிறது. விசாப்பூரும் லோஹகட்டும் இரட்டைக் கோட்டைகள். இரண்டுக்கும் நடுவே உள்ள தாழ்ந்த கணவாய்க்கு காய்முக் கிண்ட் என்று பெயர். மளவ்லியிலிருந்து அதைத் தாண்டி லோஹகட்வாடி போய்ச்சேர, புதியவர்கள் உள்ள குழுவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது வாகனங்கள் போகும் சாலையும் இருக்கிறது. ஆயினும் நடந்து வருகிறவருக்கே மலையின் அமைப்பு விளங்கும்.

உடம்பு முதல் அரை மணி நேரத்தில்தான் அதிகம் எதிர்க்கும். நெஞ்சு படபடக்கும், தொடை கனக்கும். வேகத்தைக் குறைத்து, பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவில் வைத்துக்கொண்டால் மூச்சு தானாகச் சீராகும். அடியைச் சிறிதாக வைக்கவேண்டும். முழுப் பாதமும் தரையில் படவேண்டும். ஈரமான வேரின் மேலும், பளபளக்கும் கரும்பச்சைப் பாறையின் மேலும் காலை வைக்காமல், சொரசொரப்பான பாறை, சரளை, புல் வேரோடிய மண் ஆகியவற்றைத் தேடி மிதிக்கவேண்டும். செடியைப் பிடித்து ஏறுவது கூடாது. மழையில் ஊறிய மண் வேரோடு வந்துவிடும்.

சரிவுகளில் கார்வி என்னும் புதர் அடர்ந்திருக்கிறது. நீலகிரிக் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த செடி இது. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது போலக் கார்வி ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுவதும் ஒரே பருவத்தில் பூத்து, விதை விட்டு மடிகிறது. அதன் தண்டுகளை நெருக்கமாக நட்டு மண் பூசித்தான் மலைவாழ் மக்கள் குடிசைச் சுவர் எழுப்பினார்கள். இலைகளுக்கு நடுவே இலையின் நிறத்திலேயே மூங்கில் விரியன் சுருண்டிருக்கக் கூடும் என்பதால், பார்க்காமல் புதருக்குள் கைவிடுவதில்லை. பாதையில் நண்டுகள் ஊர்ந்து போகும், தவளைகள் தாவும். கீழே பார்த்து நடப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

நான்கு வாயில்கள்

லோஹகட்வாடி கோட்டையின் காலடியில் உள்ள சிற்றூர். வீடுகள் பலவற்றில் மலையேறுவோருக்குச் சமைத்துப் போடுகிறார்கள். ஏறும்போதே எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று சொல்லிவிட்டுப் போனால் இறங்கி வரும்போது சூடாகத் தயாராக இருக்கும். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் நுழைவுச் சீட்டு வாங்கவேண்டும்.

படிகள் இங்கே தொடங்குகின்றன. கணேஷ், நாராயண், ஹனுமான், மஹா என நான்கு வாயில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. எந்த வாயிலும் நேராக எதிரே வருவதில்லை. பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் மேலேயுள்ள கொத்தளத்திலிருந்து கீழே வருபவர்களைப் பார்க்கலாம், தாக்கலாம். யானையாலோ கட்டையாலோ கதவை மோத ஓடிவர இடம் கிடைக்காதபடி அமைத்த வழி இது. மழைக்காலத்தில் இதே படிகள் நீர்வழியாகவும் ஆகின்றன. உச்சியில் பெய்வது படி படியாக வழிந்து ஏறுபவரின் கணுக்காலை நனைத்துக்கொண்டு போகிறது. படியின் ஓரம் பாசி பிடித்திருக்கும். பலர் மிதித்துத் தேய்ந்த நடுப்பகுதியே பிடிமானம் தரும்.

சனி, ஞாயிறுகளில் இந்தக் குறுகிய வாயில்களில் ஆயிரக்கணக்கானோர் எதிரெதிரே வந்து நெருக்கிக்கொள்கிறார்கள். ஈரமான படியில், கைப்பிடிச் சுவருக்கு வெளியே பள்ளம் இருக்கும் இடத்தில், கூட்ட நெரிசல் மழையைவிட ஆபத்தானது. வார நாளில் வருவது அதற்கு ஒரே நல்ல மருந்து. முடியாதவர்கள் காலை 10 மணிக்குள் மேலே போய்விடவேண்டும்.

உச்சி

மஹா வாயிலைத் தாண்டினால் மலையின் தலை அகன்ற புல்வெளியாக விரிகிறது. ஒரு தர்கா, ஒரு சிவன் கோயில், கல் அறைகள், குளங்கள். மராட்டியப் பேஷ்வாக்களின் அமைச்சராக இருந்த நானா பட்னவீஸ் 18-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோட்டையைப் புதுப்பித்தார். பதினாறு பக்கங்கள் கொண்ட பெரிய குளம் அவர் காலத்தது. மலைக்கோட்டையில் ஆறு இல்லை, கிணறு தோண்டுவதும் எளிதல்ல. நான்கு மாத மழையைப் பிடித்துவைத்து எட்டு மாதம் கழிக்கவேண்டும். முற்றுகையில் கோட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதை மதிலைப் போலவே குளத்தின் ஆழமும் தீர்மானித்தது. இந்த மலையில் நீர் சேமிப்பு மராட்டியருக்கு மிக முந்தியது. லோஹகட்டின் குகையொன்றில் 2019-இல் கண்டறியப்பட்ட பழைய பிராமிக் கல்வெட்டு சமண வணக்கத்துடன் தொடங்கி, நீர்த்தொட்டியும் கல் இருக்கைகளும் கொடையளித்த செய்தியைச் சொல்கிறது.

சிவாஜி கைப்பற்றிய இந்தக் கோட்டை 1665-இல் புரந்தர் உடன்படிக்கைப்படி முகலாயரிடம் ஒப்படைக்கப்பட்ட 23 கோட்டைகளில் ஒன்று. 1670-இல் அதை அவர் மீட்டார். 1818 மார்ச்சில் ஆங்கிலேயர் முதலில் எதிரேயுள்ள விசாப்பூரைப் பிடித்தார்கள். விசாப்பூர் லோஹகட்டைவிட உயரம் கூடியது. அங்கே பீரங்கி ஏறியபின் லோஹகட் நிற்க வழியில்லை. கணவாய்க்கு அப்பால் மேகம் விலகும் தருணத்தில் விசாப்பூரின் நீண்ட மதிலைப் பார்க்கிறவருக்கு இந்தப் போர்க்கணக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லோஹகட் அவற்றில் ஒன்று. பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதி ஒன்று தமிழ்நாட்டின் செஞ்சி. 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். பிறகு அவருடைய மகன் ராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பி வந்து, நீண்ட முற்றுகையை அங்கிருந்தே தாங்கினார். செஞ்சி மலையில் மழைநீரைத் தேக்கிய குளங்களைக் கண்ட தமிழருக்கு லோஹகட்டின் குளங்கள் அந்நியமாகத் தோன்றா.

உச்சியிலிருந்து மேற்கே ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு ஓர் ஒடுங்கிய முகடு நீள்கிறது. அதன் வளைவைப் பார்த்து விஞ்சூ காடா, அதாவது தேள்கொடுக்கு என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதன் தொடக்கத்தில் கொஞ்சம் பாறை இறங்கவேண்டும். மழையில் அங்கே வழுக்கும். இரு பக்கமும் பள்ளம், காற்று குறுக்கே அடிக்கும். ஒருவர் பின் ஒருவராக, ஓரத்தை விட்டு நடுவில் நடக்கவேண்டும். நிற்க முடியாத காற்றென்றால் முகட்டின் தொடக்கத்திலேயே திரும்பிவிடலாம். பயணத்தில் அதனால் எந்தக் குறையும் இல்லை. வானம் திறந்தால் தெற்கே பவனா அணையின் நீர்ப்பரப்பும், அதற்கப்பால் துங், திகோனா கோட்டைகளும் தெரியும். முகட்டுக்கு வடக்கே விழும் மழை இந்திராயணிக்குப் போகிறது. துக்காராமின் தேஹுவும் ஞானேஸ்வரரின் ஆளந்தியும் அந்த ஆற்றங்கரையில் உள்ளன. தெற்கே விழுவது பவனாவுக்குப் போகிறது. இரண்டும் பீமா வழியாகக் கிருஷ்ணாவில் கலந்து வங்கக் கடலை அடைகின்றன. அரபிக்கடலில் எழுந்த நீர் கீழ்க்கடலுக்குப் போகும் வழியில் இந்த முகடு ஒரு நிலையம்.

திரும்பவேண்டிய நேரம்

ஏறுவதைவிட இறங்குவது கடினம். தொடை களைத்திருக்கும், கவனம் தளர்ந்திருக்கும், ரயில் நேரம் மனதில் ஓடும். முழங்காலைச் சற்று மடக்கி, உடலைப் பின்னால் சாய்க்காமல், செங்குத்தான இடங்களில் பக்கவாட்டில் திரும்பி இறங்கவேண்டும். பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்கும். மாலை 3 மணிக்குள் லோஹகட்வாடியை விட்டுக் கிளம்பினால் இருட்டுமுன் மளவ்லியை அடையலாம்.

இறங்கும் வழியில் ஈர்ப்பது அருவி. மழைக்கால மரணங்கள் பலவும் அங்கேதான் நேர்கின்றன. 2024 ஜூன் 30-இல் லோணாவளாவின் பூஷி அணைக்குப் பின்புறமுள்ள அருவியில் நின்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரைத் திடீரெனப் பெருகிய நீர் அடித்துக்கொண்டு போனது. அவர்கள் இறங்கியபோது நீர் சாதுவாகத்தான் இருந்தது. மேலே எங்கோ பெய்த மழை கீழே வந்துசேரச் சற்று நேரம் ஆகிறது. கீழே நிற்பவருக்கு அது தெரிவதில்லை. தெளிந்த நீர் பழுப்பாவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது மூன்றும் எச்சரிக்கை. அவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறவேண்டும். ஓடையில் நீர் முழங்காலைத் தொட்டு வேகமாக ஓடினால் கடக்கக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். வடியாவிட்டால் ஊரிலேயே தங்கிவிடலாம்.

நிலச்சரிவு இன்னொரு ஆபத்து. 2023 ஜூலை 19 இரவு ராய்கட் மாவட்டத்தில் இர்ஷாள்கட் மலையின் சரிவிலிருந்த இர்ஷாள்வாடி மண்ணுக்குள் புதைந்தது. அந்தக் கோட்டைக்குப் போனவர்கள் தங்கி, உண்டு, வழி கேட்ட ஊர் அது. தொடர்ந்து பல நாள் கனமழை பெய்த சரிவில் புது விரிசல், சாய்ந்த மரம், உருண்டுவரும் கற்கள், இதுவரை இல்லாத ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அங்கே நிற்கவே கூடாது. விபத்து நேர்ந்தால் 112-ஐ அழைக்கவேண்டும். லோணாவளாவில் சிவதுர்க் மித்ர என்னும் தன்னார்வ மீட்புக் குழு இருக்கிறது. சொந்த வேலையை விட்டுவிட்டு மழையிலும் இரவிலும் மலையில் ஏறித் தேடுகிறவர்கள் அவர்கள். அவர்களை அழைக்க வேண்டிய நிலை வராமல் நடப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

ஊரும் உணவும்

லோஹகட்வாடியில் கிடைக்கும் சாப்பாடு மாவள் வீடுகளின் அன்றாடச் சாப்பாடு: கடலை மாவில் செய்த பிட்லா, அரிசி அல்லது சோள மாவில் தட்டிய பாக்ரி, பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த தேச்சா, வெங்காயம், சூடான சோறு. சமைத்துப் பரிமாறும் பெண்ணை மாவ்ஷி என்றும், பெரியவரைக் காக்கா என்றும் அழைப்பது வழக்கம். படிகளின் ஓரத்தில் கரியில் சுட்ட மக்காச்சோளமும் காந்தா பஜியும் விற்கிறார்கள். குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும். பைக்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கொண்டுவந்த பிளாஸ்டிக் எல்லாம் அதே பையில் கீழே இறங்கவேண்டும். மலையில் எறிந்த உறை அடுத்த மழையில் வயலுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகிறது. இந்த ஊரார் கொடுக்கும் உணவுக்குக் காசு கொடுத்தால் மட்டும் கணக்கு தீர்ந்துவிடாது. அவர்களுடைய வரப்பும் ஓடையும் கெடாமல் திரும்புவதும் அதில் சேரும்.

வீடு திரும்பியதும் காலணியில் ஒட்டிய மண்ணைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தவேண்டும். விரலிடுக்குகளைத் துடைத்து, கொப்புளம் இருந்தால் சுத்தம் செய்யவேண்டும். மறுநாள் தொடையில் எழும் வலி இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். இலேசான நடை அதைச் சீக்கிரம் போக்கும்.

லோஹகட்டை நிதானமாக ஏறி இறங்கியவர் அடுத்து திகோனாவுக்கும் விசாப்பூருக்கும் போகலாம். நீண்ட நடை பழகியபின் லோணாவளாவிலிருந்து ராஜ்மாச்சி, அதன்பிறகு மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான 1,646 மீட்டர் கள்சூபாய். மலைகள் மாறினாலும் விதிகள் மாறுவதில்லை: வானிலையைப் பார்த்துக் கிளம்புதல், மெதுவாக நடப்பவரோடு நடத்தல், நீர் பெருகினால் நிற்றல், வேண்டுமானால் உச்சியை விட்டுவிட்டுத் திரும்புதல். இவற்றை முதல் பயணத்திலேயே நண்பர்களிடம் கற்றவர், அடுத்த ஜூனில் இன்னொரு புதியவரை அழைத்துச் செல்லத் தகுதி பெறுகிறார்.